டிலக்ஷியின் முதுகெலும்பு

குருநகரில் கடற்றொழில் செய்யும் சிமியோனின் மூத்த மகள் டிலக்ஷி. பதின்மூன்று வயதில், கோயிலில் நடக்கும் உறுதிப்பூசுதல் சடங்குக்குச் சட்டை தைக்க அளவெடுத்த றெஜி அக்காதான், பிள்ளையின் ஒரு தோள் உயர்ந்து நிற்பதைத் தாய் சிசிலியாவுக்குக் காட்டினாள். யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. வளரும் வயதில் இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார் டொக்டர்.

உடம்பை இறுக்கும் பிளாஸ்ரிக் கவசத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வேர்வையில் விலாப்பக்கம் தோல் உரிந்தது. வலைப்பந்தை விட்டாள். கோயிலில் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தாள். அப்படியும் வளைவு கூடியது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் முதுகு நிமிருமாம் என்று பிரான்சிலிருந்து சித்தப்பா கொலின்ஸ் போனில் சொன்னார். சிமியோன் அதையே நம்பியிருந்தார். அப்படியொரு வைத்தியம் இன்னும் இல்லை, சத்திரசிகிச்சைதான் வழி என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் தர்சினி என்ற இளம் வைத்தியர் கட்டிலருகே வந்தார். வெட்டியெடுக்கும் எலும்புத் துண்டுக்குள் இருக்கும் மென்மையான மச்சையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டார். எலும்பை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. இந்த நோயுள்ள பிள்ளைகளில் அவை சரியாக வேலை செய்வதில்லையோ என்ற சந்தேகம் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினார்.

"உதாலை என்ரை முதுகு நிமிருமோ, டொக்டர்?"

"இல்லைப் பிள்ளை. உமக்கு இதாலை ஒரு பலனும் கிடையாது."

சிமியோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் பிள்ளையை வைத்து ஒருவரும் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றார்.

டிலக்ஷி தகப்பனின் பக்கம் தலையைத் திருப்பினாள். "அப்பா, லவீனாவுக்கு இப்ப பத்து வயசு" என்றாள்.

லவீனா அவளுடைய தங்கை; வளைவு தொடங்கக்கூடிய வயதை நெருங்குகிறவள். சிமியோன் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

முதுகில் உலோகக் கம்பிகள் பூட்டினார்கள். நோவு ஆற மாதக்கணக்கானது. முழுதாக நேராகாவிட்டாலும் வளைவு நின்றது. வளர்ந்து இப்போது கொக்குவிலில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். முதுகை வளைத்துக் குனிய முடியாததால், பிள்ளைகளோடு கதைக்க முழங்காலில் இருப்பாள். லவீனாவின் முதுகு நேராகவே வளர்ந்தது.

போன மாதம் தர்சினி போனில் கதைத்தார். இந்த நோயுள்ள சில பிள்ளைகளின் செல்களில் வித்தியாசம் கண்டிருக்கிறார்களாம். அது வளைவுக்குக் காரணமா, வளைவால் வந்ததா என்று இன்னும் சொல்ல முடியவில்லையாம்.

சிசிலியா கேட்டாள்: "அப்ப உனக்கு ஏன் வந்தது எண்டு தெரியாதோ?"

"இன்னும் தெரியாது அம்மா" என்றாள் டிலக்ஷி.