ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்த வெள்ளிக்கிழமை

ரெஜினா இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தம்பி டேவிட், செய்யூரிலிருந்து தொலைபேசியில் இதை உறுதி செய்தார். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றத் தொடங்கியிருந்தது. அதில் விபத்து என்று இருந்தது. விபத்து இல்லை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வீட்டிலேயே மாரடைப்பு. “யாராச்சும் தப்பா போட்டுகினு இருந்தா நீங்க சரியா சொல்லிடுங்கண்ணா. அக்காவுக்கு அதெல்லாம் புடிக்காது” என்றார் டேவிட்.

மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை விடுதி ஒன்றில் ரெஜினா ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருந்தார். அறை சுத்தம் செய்பவர்கள், சலவைக்காரர்கள், தோட்டக்காரர்கள் எல்லோரும் அவர் பொறுப்பில். பெற்றோர் செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு செய்தவர்கள். ரெஜினா சாந்தமானவர் என்று நான் எழுதினால் அவரோடு வேலை பார்த்த நீங்கள் சிரிப்பீர்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அந்த அறையைவிட்டு நகரமாட்டார். யாரையும் நகரவும் விடமாட்டார்.

விடுதிகளில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு கூட்டம் நடத்துவது வழக்கம். முந்தைய நாள் புகார்களை மேற்பார்வையாளர் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைவார்கள். ரெஜினா பொறுப்புக்கு வந்ததும் வரிசையைத் திருப்பிப் போட்டார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். ரெஜினா கடைசியில் பேசுவார். முதல் நாள் அந்த முறை, புதுப்பட்டினத்திலிருந்து வந்த கஸ்தூரிக்கு விழுந்தது. அவர், “வேனு டைமை மாத்திட்டீங்க. யாரும் சொல்லல. ஒரு வாரமா ஓடியாந்துகினு கீறேன், லேட்டுன்னு நீங்களே திட்டுறீங்க” என்றாராம். விசாரித்தால், ஊழியர்களை ஏற்றிவரும் வேனின் நேரம் மாறிய அறிவிப்பு ஆங்கிலத்தில் கணக்குப் பிரிவின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் போக இவர்கள் யாருக்கும் வேலையே இல்லை. ரெஜினா அதைக் கிழித்து வந்து தமிழில் சொன்னார். கஸ்தூரியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டார். “ஒட்டிட்டா சொன்னதா ஆயிடுமா?” என்று அன்று அவர் கேட்ட கேள்வியை மேலாளர்கள் பிறகு பலமுறை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

கூட்டம் நடந்த இடம் சலவைக்கூடத்தின் பின்னால், துணி காயும் கொடிகளுக்கு நடுவே. கடற்காற்றில் பேச்சு சிதறிப்போகும். “கிட்ட வாங்க, என்னால கத்த முடியாது” என்பார். வருவார்கள். கொஞ்ச நாளில் அவர் அழைக்காமலே நெருங்கி நிற்கப் பழகிவிட்டார்கள்.

இந்த ஆண்டு சீசன் முடிந்ததும் விடுதியை மராமத்துக்காக மூடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. முன்பதிவுப் பிரிவு இதைப் பயண முகவர்களுக்குத் தெரிவித்துவிட்டது. ஊழியர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சலவைப் பிரிவின் ஒப்பந்தத் தொழிலாளி செல்வத்துக்கு, வெளியே நின்ற ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் கூட்டத்தில் அவர் போட்ட சத்தத்தைக் கஸ்தூரி எனக்கு நடித்தே காட்டினார். “ஹோட்டல மூடுறாங்களாமே, ஆட்டோக்காரன் சொல்றான்! நாம இன்னா, ரோட்டுல போறவனா?” கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இன்னொருவர் சொல்ல, பாதிப்பேர் அங்கேயே கிளம்பத் தயாராகிவிட்டார்கள்.

அன்று மதியம், செய்தியாளனான நானும் உறுதி கேட்டு ரெஜினாவை அழைத்தேன். “எங்க ஆளுங்களுக்குச் சொல்லாதத உங்களுக்குச் சொல்லமாட்டேன் அண்ணே. நாளைக்குக் காலைல அவங்களுக்குச் சொல்றோம். அப்பறமா கூப்புடுங்க” என்று வைத்துவிட்டார். எனக்கு எரிச்சல்தான். மறுநாள் அவரே அழைத்தார்.

அதற்கிடையில் அவர் பொது மேலாளரின் அறைக்குப் போயிருக்கிறார். நடந்ததை மேலாளரே சொன்னார். மூடியிருக்கும் காலத்திலும் நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. ஒப்பந்த ஆட்களைத் திரும்ப எடுப்பதா என்பது சென்னைத் தலைமை அலுவலகத்தின் கையில் இருந்தது. “முடிவாகாத விஷயத்தை நான் எப்படிப் பேசுறது?” என்று மேலாளர் கேட்டிருக்கிறார். “ஆவலன்னு சொல்லுங்க சார். எப்ப தெரியும்னும் சொல்லுங்க. அது தெரிஞ்சா அதுவரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சிப்பாங்க” என்றாராம் ரெஜினா. மேலாளர் கொடிகளுக்கு நடுவே வந்து நின்று, தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். வேலை நின்ற ஒப்பந்த ஆட்களையும் அந்தக் கூட்டத்துக்கு உள்ளே விட வேண்டும் என்பதையும் ரெஜினா கேட்டு வாங்கினார். இருவர் மட்டும் கேளம்பாக்கத்துக்குப் போனார்கள். ரெஜினா அவர்களைத் தடுக்கவில்லை. ஒருவருக்கு அங்கே தெரிந்த ஆளைப் பிடித்து வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

விடுதி மூடிய பிறகு ஒரு வாரம் சொல்ல எதுவும் இல்லாததால் மேலாளர் வராமல் இருந்துவிடப் பார்த்தார். ரெஜினா விடவில்லை. மேலாளர் வந்து, “இந்த வாரம் ஒன்றும் இல்லை” என்றார்.

“அத்த சொல்லவா சார் அவ்ளோ தூரத்துலேர்ந்து காரு எடுத்துகினு வந்தீங்க?” என்றார் செல்வம்.

“ஆமாடா. அதுக்குத்தான் வந்தாரு” என்றார் ரெஜினா. எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அந்த விடுதியில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் என்கிறார் கஸ்தூரி.

செய்யூரில் அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமையும் கூட்டம் நடந்தது. அனுமதி பெற்று நானும் ஓரமாக நின்றேன். மேலாளர் வந்தார். கஸ்தூரி, விடுதி மூடுவதற்குச் சற்றுமுன் ஒப்பந்தத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்த அமுதாவைப் பார்த்து, “நீதாம்மா மொதல்ல. இன்னா கேக்கணுமோ கேளு” என்றார். “திரும்ப எடுப்பீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார் அமுதா. காற்று பலமாக இருந்ததால் மேலாளர் இரண்டு அடி முன்னால் வந்து பதில் சொன்னார்.

செய்தித் தொழிலில் இத்தனை காலம் இருந்தும், தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதோடு நிறுத்திக்கொண்டவன் நான். எப்போது தெரியும் என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுவது ரெஜினாவிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

விடுதி மீண்டும் திறக்கும்போது ஒப்பந்த ஆட்கள் எடுக்கப்படுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. தலைமை அலுவலகத்தின் பதில் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று பொது மேலாளர் அந்தக் கூட்டத்தில் தெரிவித்தார். பதில் வராவிட்டாலும் தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.