வட்டக் கிணற்றில் பழகிய நீச்சல்

மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தேனியில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளம். சனிக்கிழமைதோறும் போடியிலிருந்து அவளை ஸ்கூட்டரில் கூட்டிப் போய், அவள் நீந்தி முடிக்கும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளோரின் வாடையை முகர்ந்துகொண்டிருப்பது என் வேலை. போன வாரம் தண்ணீர் அசங்காமல் கிடந்த நேரத்தில் எட்டிப் பார்த்தேன். அடியில் நீளவாக்கில் கறுப்பாக ஒரு கோடு. இது எதற்கு என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "நேரா நீந்துறதுக்கு சார். கோட்டைப் பாத்துக்கிட்டே போனா வளைய மாட்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? இப்படி ஒரு கோடு உலகத்தில் இருப்பது தெரியாமல்தான் நான் ஒரு முறை வங்காள விரிகுடாவில் இறங்கினேன்.

ஆமாம், நானேதான். இப்போதுள்ள தொப்பையைப் பார்த்துவிட்டு நம்ப மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரையத்லான் என்கிற போட்டியில் கலந்துகொண்டேன். முதலில் கடலில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல். கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அதை விட்டு இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் மரியாதையாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. நாள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் சட்டை, தலைமுடி, வியர்வை எல்லாவற்றிலும் ஏலக்காய் மணக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் அடிக்கடி பையைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். கடைக்குச் சரக்கு எடுக்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர்தான் இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னார். நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றும் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நாலாவதாக ஒன்று இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

ஆனால் நான் பெயர் கொடுத்ததற்குக் காரணம் வேறு. வீட்டில் எனக்குப் 'பாதி' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. பி.எட். பாதியில் விட்டது. டைப்ரைட்டிங் பாதியில் விட்டது. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பி வத்தலக்குண்டில் பஸ் ஏறித் திரும்பி வந்தது. இதற்கிடையில் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள எதையாச்சும் முடிச்சிருக்காரா?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தட்டுல வச்சத மிச்சம் வைக்க மாட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வலித்தது. இந்த வயதில் ஒன்றே ஒன்றையாவது கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் வந்தது. ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை. முடித்தால் போதும்.

நீச்சல் பழக ராசிங்காபுரத்தில் தாய்மாமாவின் தோட்டத்துக் கிணறு இருந்தது. கல்லுக்கட்டுக் கிணறு, நல்ல அகலம், வட்டம். மும்முனைக் கரண்டு வந்துவிட்டால் மாமா மோட்டாரைப் போட்டுவிடுவார். நான் நீந்த நீந்தத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அதனால் கரண்டு வருமுன் விடியற்காலையிலேயே இறங்கிவிட வேண்டும். அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. சுவர் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் ஓரமாகச் சுற்றினால்தான் மேலேயிருந்து நடுவில் குதிப்பவன் யார் தலையிலும் விழமாட்டான். நானும் அப்படியே மாதக்கணக்கில் சுற்றினேன். குதிக்க ஒரு ஆளும் இல்லாத போதும் ஓரமாகத்தான் சுற்றினேன். மாமா மேலே உட்கார்ந்து பல் குச்சியை மென்றுகொண்டே எண்ணுவார், பாதியில் விட்டுவிடுவார். 'பாதி' எங்கள் குடும்பத்தில் எந்த வழியாக வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"செக்கு மாடு கூட இம்புட்டுச் சுத்தாது மாப்ளே. தல கிறுகிறுங்கல?" என்பார்.

"எத்தன சுத்து மாமா ஆச்சு?"

"அது ஆச்சுப்பா, நெறைய. வெரசா ஏறு, கரண்டு வந்துருச்சு."

கிணற்றுக்கு மாமா என்றால் மலைக்கு ஈஸ்வரியக்கா. அடிவாரத்து முந்தலைத் தாண்டினால் மலைமேல் போடிமெட்டுக்கு ஏற்றம் தொடங்கிவிடும். நான் சைக்கிளில் முதல் சில வளைவுகளை மிதித்துக் கடப்பதற்குள் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு என்னைத் தாண்டும். பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு, மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பவர்தான் ஈஸ்வரியக்கா. முதல் நாளே, "என்னப்பு, நீ சைக்கிள ஓட்டுறியா, சைக்கிளு உன்னைய ஓட்டுதா?" என்று கேட்டார். என்னுடைய இறுக்கமான கால்சட்டையைப் பற்றி அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்துப் பழகியவர்கள் ஆதலால் சிரித்து முடித்ததும், "ஐயோ, பாவம் மோனே" என்று ஒரு இரக்கம் வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வசதி, மேலே போன ஜீப்பு திரும்பத் திரும்பத் தலைக்கு மேலே தெரியும். வளைவுக்கு வளைவு சிரிப்புச் சத்தம் கேட்கும்.

நான் தள்ளாடுவதைப் பார்த்தால் ஜீப்பை நிறுத்தச் சொல்வார் ஈஸ்வரியக்கா. "ஏறிக்கப்பு, சைக்கிளக் கொண்டா, மேல கட்டிக்கிருவோம்." முதல் வாரம் ஏறிக்கொண்டேன். மெட்டு வரைக்கும் அவர்களுக்கு என்னை விட்டால் வேறு பேச்சு இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ரோஷம் வந்துவிட்டது. "வேணாம்க்கா, வர்றேன்" என்று மூச்சு வாங்கியபடி சொல்லப் பழகினேன். மெட்டில் ஜீப்பு டீக்கு நிற்கும். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத பந்தயம். பெரும்பாலும் கழுவின கிளாசுகளைத்தான் பார்ப்பேன். போட்டிக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் நான் போய் இறங்கியபோது அக்கா அப்போதுதான் டீயை வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தார். "அடியே, தம்பி வந்துருச்சுடி! நம்ம தோத்துட்டம்!" என்று அவர் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டார்.

போட்டிக்கு மாமாவும் வந்தார், துண்டு பிடிக்க. கடற்கரையில் வரிசையாக நின்றபோது எனக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், நல்ல ஆகிருதி. மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏனுங்க, எங்கயோ பாயசம் வைக்கிறாங்க போலங்க" என்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

தண்ணீரில் இறங்கி மும்முரமாகக் கையை வீசினேன். மூச்சு சீராக இருந்தது, கை வலிக்கவில்லை. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த வேளையில் காவலுக்கு நின்ற படகிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, எங்க போறீக? இந்த எடத்துக்கு ரெண்டாந் தடவையா வர்றீக!"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூட்டம் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் படகை நடுவில் வைத்து அழகாக வட்டம் அடித்திருக்கிறேன். மாதக்கணக்கில் இடது பக்கமாகவே வளைந்து பழகிய கைக்கு நேராகப் போகத் தெரியவில்லை. கடலுக்குச் சுவர் இல்லை என்பதை நானும் மாமாவும் ஒரு முறை கூட யோசித்திருக்கவில்லை. நேராகப் போக முயன்றேன், மறுபடி வளைந்தேன். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவும் பாதிதானா என்று தோன்றியது. அப்போதுதான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் கண்ணில் பட்டார். விரட்டிப் போய் அவருக்கு இடது பக்கம் சேர்ந்துகொண்டேன். எனக்கு வலது பக்கம் அவர். அவ்வளவுதான், சுவர் கிடைத்துவிட்டது. அவரை உரசாத குறையாகக் கரை வரைக்கும் வந்து சேர்ந்தேன். ஏறியதும் அவர், "கடலுக்குள்ளயும் பாயச வாசமுங்க" என்று யாரிடமோ வியந்துகொண்டிருந்தார்.

மாமா துண்டை நீட்டினார். "கடல்லயும் போயி கெணத்தத் தேடிருக்கியே மாப்ளே."

சைக்கிள் பாதை ஒரே சமவெளி. எங்கள் ஊர்ச் சைக்கிளுக்கு ஏற்றமும் இறக்கமும்தான் தெரியும். இப்படி முடிவே இல்லாமல் மிதித்துக்கொண்டே இருப்பது புதிது. எப்படியோ முடித்து ஓட்டத்துக்கு வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பாதித் தூரத்தில் இடது முழங்கால் மடங்க மறுத்தது. பின்னாலேயே வந்த வண்டி பக்கத்தில் நின்றது. ஓட்டிவந்த தாடிக்காரப் பையன் கதவைத் திறந்து, "ஏறிக்கங்க சார், பரவால்ல" என்றான். பாதி வழியில் வந்து நிற்கிற வண்டிகளுக்கு என் முகம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. என் கை கதவைப் பிடிக்கக்கூடப் போய்விட்டது.

ஆனால் வாய் முந்திக்கொண்டு, "வேணாம்க்கா, வர்றேன்" என்றது.

பையன் திகைத்துப்போய் தாடியைத் தடவிக்கொண்டான். நான் நொண்டிக்கொண்டே நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், மறுபடி நடந்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டியபோது தரைவிரிப்பின் ஒரு முனையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். கெடு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. கடைசி ஆள் நான்தான். மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

கால் தேறியதும் முதல் வேலையாகப் பதக்கத்தை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். மெட்டில் அது கை மாறி மாறி ஜீப்பு முழுக்கச் சுற்றியது. ஒருத்தி கடித்துப் பார்த்தாள். "எத்தனாவதா வந்த?" என்று கேட்டார் ஈஸ்வரியக்கா. கடைசி என்றேன். "அப்ப எல்லாரையும் முன்னாடி அனுப்பி வச்சிட்டுத்தான் வந்திருக்க" என்று சொல்லிப் பதக்கத்தைத் தன் முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் முடிக்கிறவனாகிவிட்டேன். பி.எட். முடித்தேன், கல்யாணம் முடிந்தது, வீடு கட்டி முடித்தேன். ராசிங்காபுரத்துக் கிணறு வற்றிப்போய் மாமா போர் போட்டுவிட்டார். ஈஸ்வரியக்காவை அவர் மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டான். அந்த ஜீப்பில் வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

போன மாதம் ஒரு விடியற்காலையில் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரோடு அகலமாகி, வழவழவென்று இருக்கிறது. ஜீப்புகள் வந்தன. உள்ளே எனக்குத் தெரியாத முகங்கள், பாதிப் பேர் தூக்கம், பாதிப் பேர் போன். என்னை ஒருத்தரும் கவனிக்கவில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேல் வளைவிலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது என்னவோ உண்மைதான், ஆனால் இதைவிட மோசமாக வாங்கியபோதெல்லாம் ஏறியிருக்கிறேன். பாதி மலையில் இறங்கி நின்றேன். கொஞ்ச நேரம் மேல் வளைவையே பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.