கண் திறக்காத பிள்ளையார் இருக்கும் வீடு

என் மனைவி மறைந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஆண்டுத் திதி முடியும்வரை கோயில் வாசலை மிதிப்பதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். நாள்தோறும் சந்நிதியில் நின்று பதிகம் பாடிப் பழகியவனுக்கு, கிள்ளானில் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பாடக் குரல் எழவில்லை.

செலாயாங்கிற்கு அப்பால், கட்டடக் கலைஞர் ஒருவர் தமக்கெனக் கட்டிய வீட்டையும் அதன் சிற்பத் தோட்டத்தையும் பார்க்க அனுமதிக்கிறார்கள் என்று நண்பர் சொன்னார். அங்கே சிற்பி கண் திறக்காமலேயே விட்ட கருங்கல் பிள்ளையார் ஒருவர் இருக்கிறாராம். கண் திறந்து, குடமுழுக்கும் நடந்த பிறகே கல்லில் தெய்வம் எழுந்தருளும். அதுவரை அது கல்தான். கல்லின் முன் நின்று பாட எனக்குத் தடையில்லை. கடந்த புதன்கிழமை புறப்பட்டேன்.

கிள்ளானில் காலை 7.40 ரயில். ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஓர் உணவகத்தில் பசியாறச் சென்றேன். பரிமாறுபவர் கேட்டார்:

"ஒரு ஆள்தானா அங்கிள்? அப்ப இந்தப் பக்கம் ஒக்காருங்க, அது நாலு பேரு மேச."

இரண்டு தோசை, ஒரு காப்பி, ஏழு மலேசிய வெள்ளி. சுவரோர மேசையில் உண்டு முடித்தேன். அங்கிருந்து வாடகைக் காரில் இருபத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தொரு வெள்ளி. ஓட்டுநர் தமிழர்.

"அந்த வீட்ட வாங்கப் போறீங்களா அங்கிள்?"

"இல்லை தம்பி, பார்க்க மட்டும்."

"பாக்கறதுக்கா காசு? என் வீட்டுக்கு வாங்க, ஃப்ரீயா காட்டறேன் லா."

நுழைவுக் கட்டணம் முப்பது வெள்ளி. வீடு செங்கல்லும் பூச்சில்லாத சிமெண்டுமாக மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிறது. கூடத்திற்கு மூன்று பக்கமே சுவர். நான்காவது பக்கம் காடு. கூரை நீர் இரும்புச் சங்கிலிகளின் வழியே முற்றத்துக் குளத்தில் வடிகிறது. அழகான வீடுதான். ஆயினும், "இதைப் பார்த்தாயா?" என்று திரும்பிச் சொல்ல ஆளில்லாதபோது அழகும் விரைவில் முடிந்துவிடுகிறது.

தோட்டத்தில் துருவேறிய இரும்புக் குதிரையையும் தலையில்லாத வெண்கல உருவங்களையும் கடந்து, ஓடைக்கரையில் அவரைக் கண்டேன். துதிக்கையும் வயிறும் முழுமை பெற்றிருந்தன. கண்கள் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் அவர் மடியில் செம்பருத்தியையும், நெற்றியில் குங்குமத்தையும், காலடியில் அகல்விளக்கையும் பார்த்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

"எறும்பு கடிக்கும் அங்கிள், செருப்பப் போடுங்க." தோட்டவேலை செய்யும் அம்மாள், பெயர் இலட்சுமி என்று பிறகு அறிந்தேன்.

"இந்தப் பூவை யார் வைத்தது அம்மா?"

"நாந்தான். மொதலாளிக்கு இது ஆர்ட்டு. எனக்குத் தும்பிக்கை இருந்தா பிள்ளையார்தான். கிட்ட வாங்க."

என் நிலையைச் சொன்னேன். வழிபாடு நடக்கும் இடம் கோயில்தான். அங்கே இனி நான் நெருங்க முடியாது என்றேன்.

அவர் இடுப்பில் கைவைத்து யோசித்தார். "அய்யய்யோ, அவ்ளோ தூரம் வந்தவர நானே தடுத்துட்டேனே! பூவ எடுத்துடறேன். நீங்க கும்புட்டு முடிச்சதும் திரும்ப வச்சிக்கிறேன்."

"சார்த்திய பூவை என் பொருட்டு எடுக்கலாகாது."

"பெரிய சட்டக்காரரா இருக்கீங்களே! சரி, அங்கியே நில்லுங்க. பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

சொன்னேன். என் மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குருக்களிடம் சொல்லி வந்த பெயர் அது. அவள் போனபின் என்னை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அங்கிள், சார், தாத்தா. இலட்சுமி அம்மாள் ஈரக் கைகளைப் புடவையில் துடைத்து, ஓடைச் சத்தத்தை மீறி உரக்கச் சொன்னார்:

"அருணாசலம், அனுஷம். ஒத்தையா வந்திருக்காரு. தொணைக்கு இரு, பிள்ளையாரப்பா."

பத்தடி தள்ளி நின்ற நான் பதிகத்தைத் தொடங்கினேன். கடைசிப் பாடல்வரை பாடி முடித்தேன்.

செல்ல விரும்புவோர்க்கு: முன்பதிவு அவசியம். குடை கொண்டுசெல்லுங்கள், படிகள் வழுக்கும். திரும்பக் கார் எளிதில் கிடைக்காது, வந்த ஓட்டுநரிடமே பேசி வைப்பது நல்லது. திங்கட்கிழமையும் வீடு திறந்திருக்கும். ஆனால் அன்று இலட்சுமி அம்மாளுக்கு விடுமுறை. தனியாகச் செல்பவராயின், வேறு நாளில் செல்லுங்கள்.