அந்தத் தார்ப்பாயைக் கட்டியது நான்

தம்பி மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அவரோடு வண்டி ஓட்டிய தோழர்களுக்கும் வணக்கம். தம்பியின் நற்குணங்களை எழுதித் தரும்படி வீட்டார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். என் தவறு ஒன்றைச் சொல்லாமல் அவற்றை எழுத என்னால் இயலவில்லை. என்னைவிட ஆறு வயது இளையவர் என்பதால், வாழ்ந்த காலமெல்லாம் அவரை 'டா' போட்டுத்தான் அழைத்தேன். இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன். காலம் கடந்து வந்த மரியாதைதான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில், பெற்றோருக்கு இரண்டாம் மகனாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பில் தவறியதும் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு கிளீனர், அதன் பிறகு ஓட்டுநர். முப்பத்திரண்டாம் வயதில் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். பக்கப் பலகை இல்லாத, தட்டையான வண்டி. நெல், அரிசி, கருங்கல், எது கிடைத்தாலும் ஏற்றுவார். நான் பட்டம் பெற்றுச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். தம்பி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்" என்பேன். லாரி என்ற சொல் என் வாயில் வராது.

கொரோனாவுக்குப் பிறகு அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் மனைவியோடு ஊர் திரும்பினேன். எட்டு மாதம் அலைந்தும் வேலை அமையவில்லை. ஒரு நாள் தம்பி என் எதிரே வந்து உட்கார்ந்து, "வேல கெடைக்கற வரிக்கும் எங்கூட வாண்ணா. வூட்லயே இருந்தா மனசு கெட்டுப்பூடும்" என்றார். வேறு வழியின்றிப் போனேன்.

ஏற்றிய மூட்டைகள் மேல் தார்ப்பாய் விரித்துக் கட்டுவதுதான் எனக்குத் தந்த வேலை. முதல் நாள் மேலே ஏறி நின்றதும் தலை சுற்றியது. நனைந்த கம்பளியைப்போல் கனத்த அந்தப் பாயை உதறி விரிக்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. மூட்டைகளை நடுவில் உயர்த்தி அடுக்கினால்தான் மழைநீர் தேங்காமல் வழியும், மூலையை மடித்தால் மடிப்பின் வாய் பின்பக்கம் பார்க்கவேண்டும், புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். நீளமான பாரத்துக்கு இரண்டு பாய் வேண்டும். அதில்தான் கண்டிப்பாக இருப்பார்.

"காத்து முன்னாலருந்து அடிக்கும்ணா. பின்பாய மொதல்ல போடு. முன்பாய அதுமேல ஏத்திப் போடு. மாத்திப் போட்டீன்னா காத்துக்குக் கதவத் தொறந்து வுட்ட மாதிரி."

நான் தவறாகக் கட்டினால் திட்டமாட்டார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வார். மற்றவர்கள் எதிரில் அதையும் சொல்லமாட்டார். டீ குடிக்கப் போகிறவரைப்போல் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்வார்.

எனக்கோ ஊரார் கண்ணில் படுவதுதான் பெரிய வேதனை. திருவண்ணாமலை டவுனுக்குள் வண்டி நுழைந்தால் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொள்வேன். கொஞ்ச நாளில், பேருந்து நிலையத்துப் பக்கம் போகாமல் தம்பி சுற்றுவழியில் ஓட்டத் தொடங்கினார். டீசல் ஜாஸ்தி ஆகுமே என்றேன். அந்தப் பக்கம் டிராஃபிக் என்றார். அது எனக்காகத்தான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அன்று கீழ்பென்னாத்தூரில் ஓர் அரிசி ஆலையில் சென்னைக்குப் பாரம் ஏற்றினோம். அந்த ஆலைதான் தம்பிக்கு வாரந்தோறும் தவறாமல் வேலை தந்துவந்தது. தம்பி ரசீது வாங்க உள்ளே போயிருந்தார். நான் மேலே நின்று, மறதியாக முன்பாயை முதலில் விரித்துவிட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டுப் பின்பாயைப் போடவேண்டும். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சென்னையில் என்னிடம் வேலை பார்த்தவர். லுங்கியோடு மூட்டைமேல் நிற்கும் என்னை அவர் பார்த்துவிடக்கூடாது என்பது மட்டுமே அந்த நேரத்தில் என் நினைப்பு. பின்பாயை இழுத்து முன்பாயின் மேலேயே போட்டு, அகப்பட்ட கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபக்கமாக இறங்கி வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தம்பி வெளியே வந்தார். "எல்லாம் சரியாக் கட்டிட்டியாண்ணா?"

"கட்டிட்டேன்டா, கெளம்பு."

வழக்கமாக அவர் ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. சில வாரங்களாக நான் நன்றாகக் கட்டிவந்தேன். அதனால் நம்பிவிட்டார். கயிறு இறுக்க வழியில் நிறுத்தியபோதும் நானே முந்திக்கொண்டு இறங்கினேன். என் தவறை அவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம். திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்தது. காற்று இரண்டு பாய்க்கும் நடுவே புகுந்து தூக்கியது. நிறுத்தி மேலே ஏறுவதற்குள் நடு வரிசை முழுவதும் நனைந்துவிட்டது. தம்பி பாயைத் திருப்பிப் போட்டார். எது மேலே, எது கீழே இருந்தது என்பதை அவர் கண்ணால் பார்த்தார். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி வண்டியை எடுத்தார்.

மறுநாள் ஆலை முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்து, யார் கட்டியது என்று கேட்டார்.

"நாந்தாங்க கட்டுனேன். அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்" என்றார் தம்பி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அந்த ஆலையின் வேலை நின்றது.

திரும்பும் வழியில், நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்டேன். "எம்பேரு கெட்டா வேற மில்லு பாத்துக்கறேண்ணா. உனுக்கு இப்பதான் இந்த வேலைல பேரே வருது" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஊரில் முடியவில்லை. எங்கள் குடும்பத்து வளைகாப்பு ஒன்றில், தண்ணி போட்டுவிட்டு வண்டி ஓட்டினால் அரிசி நனையாமல் என்ன செய்யும் என்று பந்தியில் ஒருவர் சொன்னார். பலரும் சிரித்தார்கள். தம்பியின் மகளும் அந்தப் பந்தியில் இருந்தாள். தம்பி சாம்பார் வாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டிருந்தார். குனிந்தபடியே அடுத்த இலைக்குப் போனார். தம்பி வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. சொன்னவரை நான் குறைகூறவில்லை. அரிசி நனைந்தது தம்பியால் என்றுதான் அவர் காதில் விழுந்திருந்தது. உண்மை தெரிந்தவன் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு தம்பி தூத்துக்குடிக்குக் கல் பாரம் ஓட்டினார். வீட்டில் தங்குவது கம்மியாயிற்று. எனக்கு டவுனில் அலுவலக வேலை கிடைத்த அன்று இனிப்பு வாங்கிவந்து முதலில் என் மனைவி கையில் கொடுத்தவர் அவர்தான். சென்ற ஆண்டு, வண்டி ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்தது. அந்த வலியிலும் வண்டியைச் சாலையோரம் பத்திரமாக நிறுத்தியிருக்கிறார். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்து, நாற்பதாவது வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார். நெடுந்தூர ஓட்டம்தான் காரணமா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அந்த ஆலை முதலாளியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர், "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பிறகு தம்பியின் மனைவியிடம் சொன்னேன். அவர் அழுதார். "எங்கிட்டகூட தாந்தான் கட்டுனேன்னாரு மாமா. நானும் ரெண்டு நாளு அவரத் திட்டுனேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை அப்படியே எழுதுங்கள் என்றார்.

வலியில் துடித்த தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த, பெயர் தெரியாத அந்த லாரி ஓட்டுநருக்கும், மூன்று நாளும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்ட அடி அண்ணாமலைத் தெருவாருக்கும், தம்பியின் லாரியை விற்கவிடாமல் முறைவைத்து ஓட்டித்தரும் அவருடைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உறவினர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அன்று பந்தியில் சிரித்தவர்கள், இன்று தம்பியின் படத்துக்கு மாலை போடும்போது, அவர் மகள் காதில் விழும்படி உண்மையை ஒருமுறை சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். என் எதிரிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்