பின் அடித்த ஐந்தாம் காட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு புதன்கிழமை ஃபோன் வந்தது. டெஸ்டிங் லேபில் என் பழைய இடம் காலியாகிறது, திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று லேப் மேடம் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே கேட்டேன். பாப்பா இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு போகட்டும், கொஞ்சம் பொறு என்றார் கணவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அனல்மின் நிலையத்தில் ஷிப்டு முடித்து வந்த களைப்பிலும் அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பொறுமை எனக்குப் புதிதல்ல. அதைப் பற்றி எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழில் எங்களுக்கு ஒரு நாடகம் இருந்தது. பழைய துறைமுக ஊர் ஒன்றில் நடப்பது. வணிகன் ஒருவன் கடல் கடந்து போகிறான். பல வருடங்களாகச் செய்தி இல்லை. அவன் மனைவி தினமும் சாயங்காலம் கரையில் வந்து நிற்கிறாள். ஊர் ஏதேதோ பேசுகிறது, அவள் பதில் சொல்வதில்லை. நான்காம் காட்சியின் முடிவில் அவன் திரும்பி வருகிறான். அவள் அவனை ஏறிட்டுப் பார்க்கிறாள்.

அதோடு போர்ஷன் முடிந்தது. ஐந்தாம் காட்சி பரீட்சைக்கு இல்லை. டீச்சர் ஸ்டேப்ளரை முதல் பெஞ்சில் கொடுத்து, அந்தக் கடைசிப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடச் சொன்னார். ஸ்டேப்ளர் பெஞ்சு பெஞ்சாகப் போனது. நான் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அடித்து, பிரிகிறதா என்று இழுத்தும் பார்த்தேன்.

மனைவி தினமும் கரைக்கு வந்தது ஏன் என்பது கேள்வி. கணவனின் வரவை எதிர்நோக்கி என்று கைடில் இருந்தது. பொறுமை, நம்பிக்கை, அன்பு என்று தலைப்புப் போட்டு எழுதுவேன். ரிவிஷன் நாட்களில் டீச்சர் எங்களை எழுப்பி நாடகத்தை வாசிக்கச் சொல்வார். மனைவி நான்தான். வணிகன், என் பக்கத்தில் உட்காரும் தோழி. அவளுக்குக் கனத்த குரல். நான் கரையில் நின்று உருகும்போதெல்லாம் வகுப்பு குபீரென்று சிரிக்கும். அவள் மீசையை முறுக்குவது போலச் செய்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் டீச்சர் என் புத்தகத்தை வாங்கிப் பாடம் நடத்தினார். பின் அடித்த இடத்துக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல பொண்ணு" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சொல்லை வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பாப்பாவை அழைத்துக்கொண்டு திருப்பாச்சூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். பாப்பாவுக்கு டீச்சர் விளையாட்டு விளையாடப் புத்தகம் வேண்டியிருந்தது. அம்மா பரணிலிருந்து என் பழைய பையை இறக்கிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பாப்பா என்னிடம் ஓடி வந்தாள். விரல் நுனியில் துரு. ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்திருக்கிறாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவினேன், அழுத்திப் பார்த்தேன், கீறல் இல்லை என்று தெரிந்த பிறகும் கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துரு பட்டதற்கே ஆஸ்பத்திரியா என்று அம்மா திட்டினாள். பாப்பா புத்தகத்தை நீட்டி, "தொறந்துடுச்சும்மா" என்றாள்.

நின்றபடியே படித்தேன்.

தினமும் எனக்காகக் கரையில் நின்றாயாமே என்று வணிகன் உருக்கமாகக் கேட்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள். அவன் விட்டுப்போன ஓட்டைப் படகைச் சரி செய்து அவள் கடலுக்கு அனுப்பியிருக்கிறாள். பிறகு இன்னொரு படகு. சாயங்காலம் அவள் கரைக்கு வந்தது தன் படகுகள் திரும்பிவிட்டனவா என்று பார்க்க. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் படகு தெரிகிறது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவள் தண்ணீரில் இறங்கிப் போகிறாள். நாடகம் அங்கே முடிகிறது.

இரண்டாம் காட்சியில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அவள் ஒரு மீனவனிடம் கேட்பாள். அந்த வரியை நான் அழுகிற குரலில் வாசித்திருக்கிறேன்.

தோழி இப்போது மீஞ்சூரில் இருக்கிறாள். உடனே அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னாடி சொல்ற, நீ அத்த இப்பத்தான் பிரிச்சியா?" என்றாள்.

பின் அடித்த அன்றைக்கே, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரும் பிரித்துப் படித்துவிட்டார்களாம். அதே பஸ்ஸில்தான் நானும் இருந்தேன். டிரைவருக்குப் பின் சீட்டில், மறுநாள் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டு.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நேரா டீச்சராண்ட போய், மிஸ், அவ படகு பாக்கத்தான் வந்தாளாம், மாத்தி எழுதட்டுமான்னு கேப்ப. அப்பறம் யாருக்கு பேஜாரு?" பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சருக்கும் தெரியும்டி. பாடமா நடத்தியிருந்தா எவ படிச்சிருப்பா? பின் அடிக்கச் சொன்னதாலத்தான் படிச்சோம். அந்தம்மா கேடி."

அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வரவில்லை. வகுப்பு எதற்காகச் சிரித்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் தினமும் என் சோற்று டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள். எதிரே நின்று வணிகனாகப் பேசியவள். கரையில் நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்பது என்னைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

டீச்சரைப் பற்றி இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. ஒருவேளை தோழி சொல்வது வெறும் கதை, அவருக்குப் பாடத்தை முடிக்க நேரமில்லை, அவ்வளவுதானோ. அப்படியானால் அந்தப் பின்னைத் தடவிப் பார்த்தது ஏன்? பிரிக்காதவள் நான் ஒருத்திதான் என்று தெரிந்தே நல்ல பொண்ணு என்றாரென்றால், அது பாராட்டா? ஒரு வார்த்தை, பிரித்துப் படி என்று சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது ரயிலிலிருந்து மேடத்தைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். வைத்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாடகத்தைப் படித்துவிட்டு யாராவது இப்படி முடிவெடுப்பார்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? மறுபடி கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நாங்கள் இறங்கும் அத்திப்பட்டு வரும்வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். சொல்லவில்லை.

"என்ன ஒரு வார்த்த கேக்கல நீ" என்றார் கணவர், இரவு நான் விஷயத்தைச் சொன்னதும்.

"புதன்கெழம கேட்டேனே."

அவர் பாப்பாவின் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு, பாப்பாவை யார் பள்ளியில் விடுவது என்றார். வருகிற வாரம் உங்களுக்கு மதிய ஷிப்டுதானே, நீங்கள் விடுங்கள், சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அழைத்து வருவார் என்றேன். அதற்கடுத்த வாரம் என்றார். தெரியவில்லை என்றேன்.

திங்கட்கிழமை காலை லேடீஸ் கோச்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீஞ்சூரில் வண்டி நின்றபோது, எதிர்ப் பிளாட்பாரத்தில் சென்னை வண்டிக்காகத் தோழி நின்றிருந்தாள். ஞாயிறு முழுக்க அவள் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். நான் குனிந்து, பள்ளியிலிருந்து ஏதாவது அழைப்பு வந்திருக்கிறதா என்று ஃபோனைப் பார்த்தேன். வண்டி கிளம்பும்வரை நிமிரவில்லை.