போயா நாளில் திறந்த கதவு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். ஞாயிறு பூசை தவறாதவள், சாயந்தரம் பிள்ளைகளோடு செபமாலை சொல்கிறவள், அதற்கு மேல் எதையும் நம்பியதில்லை. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பலாபத்வலயில் மிளகு, கறுவா ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தேநீர் போடுவதும் கூட்டுவதும் என் வேலை. முன்பு அங்கே காவல் என்றால் ஒரு வாட்ச்சரும் ஒரு நாயும்தான். இப்போது கள்ளன் மின்னஞ்சலில் வருகிறான், ஒருநாள் முதலாளி பேரில், இன்னொரு நாள் வங்கி பேரில் என்று கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இர்பான் சேர் சொல்வார். மேசை துடைக்கும்போது பாஸ்வேர்ட் எழுதி ஒட்டிய துண்டைக் கண்டால் கிழித்துவிடச் சொல்லி எனக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்திருந்தார். அதனால் ஆபீஸ் பிள்ளைகளுக்கு நான் ‘சிஐடி அக்கா’.

சேர்வர் அறைக் கதவுக்கு விரல் வைத்துத் திறக்கும் மெஷினும் போட்டார். அதன் சின்னக் கண்ணாடி என் விரலை மட்டும் எடுக்கவில்லை. இருபது வருஷம் கறுவாப் பட்டை சுரண்டிய கை, ரேகை தேய்ந்துவிட்டது. ஒன்பது விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டும் நேரம் தானே திறந்து விடுகிறேன் என்று என் பேரைச் சேர்க்காமலே விட்டார். ஒன்பது என்றேனே, இடது சுண்டு விரல் எனக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே மிளகாய் மில்லில் போய்விட்டது.

அன்றைக்குப் போயா, பௌர்ணமி லீவு, கம்பெனி பூட்டு. மறுநாள் வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று நான் மட்டும் கழுவித் துடைக்கப் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில், விகாரையில் பிரித் ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இர்பான் சேர் எனக்குப் போன் எடுத்தார். லீவு நாள் பார்த்து யாரோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள், அவருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள், அக்குறணையிலிருந்து வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆகும் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

பல்லேபொலப் பக்கம் வாங்கும் மிளகின் சோதனைப் பத்திரமெல்லாம் அந்த அறைக் கம்ப்யூட்டருக்குள்தான். அது போனால் கொள்கலன் போகாது, மடுவத்துக் கொட்டகையில் மிளகு பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களுக்கு வேலை இருக்காது. என் மகளும் அவர்களில் ஒருத்தி. இப்படிப் பூட்டுப்பட்டே இழுத்து மூடிய கம்பெனி ஒன்றை எனக்குத் தெரியும்.

"சேர்வர் ரூமுக்கு ஓடுங்க ரீட்டாக்கா. சுவர்ப் பெட்டியில இன்டர்நெட் வர்ற நீல வயர் ஒன்னே ஒன்னு இருக்கு, அதப் புடுங்கிருங்க."

"என் வெரல அது எடுக்காதே சேர்."

சாவி முதலாளியிடம், முதலாளி கொழும்பில். கதவோ இரும்பு.

போனை இடது கையால் காதில் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. சேலையில் துடைத்து வைத்தேன். சிவப்பு. மாதாவே, அந்தப் பிள்ளைகளைக் கைவிடாதே என்று சொல்லி மூன்றாம் தடவை வைத்தேன். பச்சை விழுந்தது, கதவு திறந்தது, வயரைப் பிடுங்கினேன்.

பாதிக் கம்ப்யூட்டர் போய்விட்டது, பத்திரங்கள் தப்பின. மாதாவின் அருள் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டு நாள் கழித்து, கதவை யார் யார் திறந்தார்கள் என்று மெஷின் பதிவில் பார்த்துக்கொண்டிருந்த இர்பான் சேர் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க பேர நான் போடவே இல்லயே அக்கா, எப்படி வந்துச்சு?" போயா நாள், அதே நேரம், என் பேர். பக்கத்தில் எந்த விரல் என்றும் காட்டும். அவர் வாசித்தார்: இடது கை, சுண்டு விரல். வாசித்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

உள்ளே வந்தவர்கள் எதையாவது மாற்றியிருப்பார்கள் என்றார்.

"அவங்க எதுக்கு சேர் எனக்குக் கதவத் தொறந்து விடணும்?" என்றேன்.

என் முன்னாலேயே அந்தப் பேரை அழித்தார். கட்டைவிரலைத் திரும்ப வைக்கச் சொன்னார், எடுக்கவில்லை. இடது கையை அவரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. இப்போதும் அந்தக் கதவைத் துடைக்கும்போது இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். கிட்டப் போனாலே, இல்லாத அந்த விரலின் நுனி குளிர்கிறது, கண்ணாடியைத் தொட்ட மாதிரி.