எட்டாவது அடுக்கில் ஓர் அழைப்பு

சக்கரம் என்பது அவர் பெயரல்ல. காலில் சக்கரம் கட்டியவர் என்று அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் யாரோ வைத்த பட்டம் அது. இருபது வருடத்தில் சொந்தப் பெயரையே தின்றுவிட்டது. அங்கே மேற்பார்வையாளராக இருந்தபோது அவருக்குப் போட்ட நாற்காலியில் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும். இன்றும் தேநீரை நடந்துகொண்டேதான் குடிக்கிறார். போனில் பேசினால் அறையை நாலு சுற்று. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவர் மனைவி சொல்வது வழக்கம்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உட்கார சீட் செஞ்சு குடுக்கறீங்க. உங்க அளவையும் ஒரு நாள் எடுத்துப் பாருங்களேன்."

அவர் செய்வது உட்கார முடியாத குழந்தைகளுக்கான இருக்கை. முதுகு நிற்காது, கழுத்து சாயும், விட்டால் ஒரு பக்கமாகச் சரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடை நாற்காலி எதுவும் தாங்காது. ஒவ்வொரு உடம்புக்கும் தனி அளவு. பதினொரு வருடத்துக்கு முன் தங்கை மகளுக்காக ஒன்று செய்து பார்த்தார். தொழிற்சாலைக் கழிவு அட்டையைப் பத்து அடுக்காக ஒட்டி, மாவுப் பசை காய ஐந்து நாள் விசிறிக்கடியில் வைத்து, காய்ந்ததும் தானே அதன்மேல் ஏறி நின்றார். உடையவில்லை. தங்கை மகள் அதில் உட்கார்ந்து, மேஜைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தாள். அந்த ஒன்று இப்போது இருநூற்று எழுபது. வேலைக்கு ஒரு பதிவு எண், அச்சகத்துக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை, வெட்ட ஓர் ஆள், ஒட்ட ஓர் ஆள், எல்லாவற்றையும் மேய்க்கத் தங்கை.

தொழிற்சாலை முதலாளி அட்டையும் கொடுத்து ஆட்களுக்குச் சம்பளமும் கொடுத்துவந்தார். போன வருடம் அவர் தொழிற்சாலையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்: வருடக் கடைசி வரைக்கும்தான். அதற்குள் வேறு யாராவது தோள் கொடுக்காவிட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. அளவு எடுத்து இன்னும் செய்து கொடுக்காத பிள்ளைகள், முப்பத்தொரு பேர். மற்ற இடங்களில் காத்திருப்போர் பட்டியல் என்றால் பேர்கள் சும்மா நிற்கும். இங்கே பேர்கள் வளரும். நாலு மாதம் தள்ளினால் தொடை ஒரு விரல் நீண்டுவிடும். எடுத்த அளவு குப்பைக்கு. சக்கரம் நடக்காமல் என்ன செய்வார்?

ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளை இந்த மாதிரி வேலைக்கு மூன்று மூன்று வருடமாகப் பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டார். அவர்களுடைய இணையதளத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: 'நாங்கள் கேட்காமல் வரும் விண்ணப்பங்களைப் படிப்பதில்லை. அழைப்பின் பேரில் மட்டும்.' அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு சக்கரம் நாலு விண்ணப்பம் அனுப்பினார். நாலுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே மூன்று வரி பதில். தங்கை அந்த இடத்துக்குக் 'கூப்பிட்டா வா' என்று பெயர் வைத்தாள். அதற்கும் அசராமல் நேரில் போனார். வாசலில் பலகைகூட இல்லை, கதவு எண் மட்டும். வரவேற்பில் இருந்த பெண் அவர் நீட்டிய உறையைத் தொடவே இல்லை.

"வாங்கக் கூடாது சார். வாங்கினா படிக்கணும். படிச்சா பதில் சொல்லணும்."

"அப்போ உங்க கண்ணுல நாங்க படறது எப்படிம்மா?"

"அது எனக்குத் தெரியாதே சார். உட்காருங்க, தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்தார். உட்காரவில்லை.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர் பிசியோ டாக்டர். பிள்ளைகளை இவரிடம் அனுப்புகிறவர்; அவருடைய மையத்துக்கு அந்த அறக்கட்டளை ஏற்கெனவே பணம் கொடுத்துவந்தது.

"அங்க தட்டினா திறக்காதுய்யா. நீ இல்லாத அறையில யாராவது உன் பேரைச் சொல்லணும். எங்களை மாதிரி வாங்கறவங்களைக் கேப்பாங்க, ஆஸ்பத்திரில கேப்பாங்க. அப்புறம் யாருன்னு சொல்லாம ஒரு ஆள் வந்து பார்த்துட்டுப் போகும். அதுக்கு மேலதான் அழைப்பு."

"அப்போ வேலை தெரிஞ்சவனைவிட ஆள் தெரிஞ்சவன்தான் பொழைப்பான்னு சொல்லுங்க."

"பாதி நிஜம். மீதியையும் கேளு. கதவைத் திறந்து போட்டா பத்தாயிரம் விண்ணப்பம் வரும். உள்ள இருக்கறது ஏழே பேர். உன் பேரைப் போன மாசமே சொல்லிட்டேன். நீ போய் உன் அறையில இரு. ஓடாதே."

இரு என்றால் இருக்கிற ஆளா அவர்? அடுத்த வாரமே, வேறு எங்காவது கதவு திறக்குமா என்று நாலு அலுவலகம் சுற்றிவிட்டு மாலையில் திரும்பியபோது தங்கை பசைக் கையோடு வாசலில் நின்றாள்.

"யாரோ ஒரு அம்மா வந்தாங்கண்ணே. பிள்ளை இல்லாம வந்தாங்க. அரை நாள் இருந்தாங்க."

"யாருன்னு கேட்டியா?"

"கேட்டேன், சிரிச்சாங்க. எத்தனை சீட் உடைஞ்சு திரும்பி வந்துதுன்னு கேட்டாங்க. பதினாலுன்னு சொன்னேன். நனைஞ்சது ஒம்பது, சரியா காயாதது அஞ்சு."

"அடிப் பாவி! இருநூத்தி எழுபதைச் சொல்லாம பதினாலையா சொன்னே?"

"உடைஞ்சதைக் கேட்டா உடைஞ்சதைத்தானே சொல்லணும்? போகும்போது, 'உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, அழைப்பு வரும்'னாங்க."

அழைப்பு வரும்! அன்றிலிருந்து போன் அவர் உடம்பில் ஓர் உறுப்பாகிவிட்டது. பசைக் கையில் எடுக்க வசதியாக அதற்குக் கண்ணாடித்தாள் உறை போட்டார். குளிக்கும்போது சோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மணி அடித்தது, அடிக்காமல் இல்லை. கடன் கொடுக்கிறோம் என்றார்கள், காப்பீடு எடுங்கள் என்றார்கள், ஒருவர் தினம் தவறாமல் லாரி டயர் இருக்கிறதா என்று கேட்டார். "டயரும் இல்ல, டியூபும் இல்ல, வையுங்க! லைன் பிஸியாகும்!" என்று சக்கரம் கத்துவதைக் கேட்டு வெட்டுகிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான். பத்து நாள் போனது. பதினைந்து போனது. பசையில் கட்டி விழுந்தாலும் தங்கை மேல்தான் பாய்ந்தார்: பதினாலைச் சொன்னாயே, அதனால்தான்.

இருபதாவது நாள் வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குப் பிசியோ டாக்டர் கூப்பிட்டார்.

"என்னய்யா, அட்டையைப் பார்த்துப் பதிவு பண்ணிட்டியா? இன்னைக்கு அஞ்சு மணி கடைசி."

"அட்டையா? அட்டை வாரம் ஒரு வண்டி வருதே."

"அந்த அட்டை இல்லய்யா! அழைப்பு அட்டை. தபால்ல வரும். அதுல இருக்கற எண்ணைப் போட்டாத்தான் அவங்க தளம் திறக்கும். பழைய குடும்பம், பழைய பழக்கம்."

சக்கரம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தங்கையைப் பார்த்தார். "தடிப்பா ஒரு அட்டை வந்துதா? 'அழைப்பு'ன்னு போட்டு?"

அவள் கையிலிருந்த தூரிகை பாதியில் நின்றது. "வெண்ணெய் நிறத்துல… எழுத்து மேடா…"

"ஆமா!"

"ஏதோ விழாவுக்குக் கூப்பிடறாங்கன்னு நினைச்சேண்ணே…"

வாரம் இரண்டாவது வரும், விழா அழைப்பு. வந்து டிக்கெட் வாங்கச் சொல்லும் அழைப்புகள். அந்த அறையில் அவற்றை யாரும் படிப்பதில்லை, எறிவதும் இல்லை. இருக்கையின் கால்பலகையில் பாரம் விழும் இடத்தில் ஓர் அடுக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே கெட்டி அட்டை ஒன்றை வைத்து ஒட்டினால் பலகை வளையாது. அதைக் கண்டுபிடித்தவர் சக்கரம்தான். சுவரில் சிவப்பு மையில் எழுதி வைத்தவரும் அவரே: 'கெட்டி அட்டையை வீணாக்காதே.'

"எந்த சீட்டுல வச்சே?"

"நீதிபதி சீட்டுல. கால்பலகையில ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தாள்: "நல்ல அட்டைண்ணே. கொஞ்சங்கூட வளையல."

அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அதே வரவேற்புப் பெண். வந்துபோன அம்மா பயணத்தில் இருக்கிறார். அட்டை எண்ணைப் போனில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. சக்கரம் ஒரு கத்தி, ஈரத் துணி, பசை டப்பா மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

நீதிபதிக்கு ஒன்பது வயது. பேச்சு விட்டுவிட்டுத்தான் வரும். வந்தால் தீர்ப்பாகத்தான் வரும், அதனால் தங்கை வைத்த பெயர். அளவு எடுக்க வந்த முதல் நாளே சக்கரத்தைப் பார்த்து, "இந்த மாமா… பம்பரம்" என்றவள். இருக்கை அவள் வீட்டுக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது.

இரண்டு பேருந்து மாறி, மூன்று மாடி ஏறி அவர் போனபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் கால்பலகையில் சமமாகப் பதிந்திருந்தன. நாலு நாளைக்கு முன்வரை அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த காட்சி கூரையும் அதில் சுற்றும் விசிறியும். இப்போது தெரு.

"நாப்பத்தி ரெண்டு… பஸ்," என்றாள் அவரைப் பார்த்ததும்.

அவர் அந்தச் சின்ன அறையில் மூன்று சுற்று நடந்தார். பைக்குள் கத்தி டப்பாவில் இடித்துச் சத்தம் போட்டது.

"மாமா… எனக்குக் கண்ணு சுத்துது. சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

சொன்னார். அட்டையை, ஐந்து மணியை, முப்பத்தொரு பேரை, எல்லாவற்றையும். அவள் அம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

"வெட்டினா திரும்ப எப்போ ஆகும்?"

"காய அஞ்சு நாள்."

கால்பலகை இல்லாவிட்டால் கால் தொங்கும், இடுப்பு முன்னால் வழுக்கும், பிள்ளை சரிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அம்மா சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாகப் பத்து நிமிடம்.

"எங்க வீட்டுலயும் ஏழு மாசம் காத்திருந்தோம்," என்றார். "ஆனா சீட் அவளோடது. அவளைக் கேளுங்க."

நீதிபதி அவசரப்படவில்லை. "கால்பலகை… மட்டுமா?"

"அது மட்டும்."

"முதுகுல… கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

"நான்… இறங்க மாட்டேன். இப்பவும். அஞ்சு நாளும்."

"இறங்க வேண்டாம். காலுக்கு ஏதாவது முட்டுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து போனது. அதை எண்ணி முடித்தாள். "சரி. வெட்டுங்க."

லாரிக்கடியில் மெக்கானிக் படுப்பதுபோல சக்கரம் தரையில் மல்லாந்து படுத்தார். அம்மா மகளின் பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தங்கை ஒட்டினால் சும்மாவா. பலகையைக் கழற்றவே பத்து நிமிடம் பிடித்தது, மேல் மூன்று அடுக்கையும் உரிக்க இன்னும் பத்து. அப்படியும் அட்டையின் எழுத்து அட்டையோடு வரவில்லை. மை முழுவதும் எட்டாவது அடுக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு, தலைகீழ் பிம்பமாக வந்தது. அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தார். ஒன்பது இலக்கம். ஆறாவதைப் பசை தின்றிருந்தது: மூன்றா, எட்டா?

"மூணு," என்றார் சக்கரம்.

"காட்டுங்க," என்றாள் நீதிபதி. கழுத்தைத் தாங்கிய அட்டைக்குள்ளிருந்தே கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தாள். "எட்டு. மூணுக்கு… ரெண்டு பக்கமும் தொப்பை இருக்காது."

போனில் எட்டைப் போட்டார். திறந்தது. மணி நாலு இருபத்தைந்து.

மூன்று கேள்விதான். என்ன செய்கிறீர்கள், யாருக்கு என்ற இரண்டையும் மூச்சு விடாமல் எழுதினார். மூன்றாவது: 'உங்கள் வேலையில் எது தவறிப்போனது?' விரல் நின்றது. பதினாலு என்று எழுதினார். நனைந்தது ஒன்பது, காயாதது ஐந்து. அழித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதி, அந்தப் பதினைந்தாவதை நடந்தது நடந்தபடி விவரித்தார். அனுப்பியபோது ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"மாமா," என்றாள் நீதிபதி, "அரை மணி நேரமா… உட்கார்ந்திருக்கீங்க."

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தரையில். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே எழுந்துவிட்டார். பழைய நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, பெல்ட்டால் இறுக்கிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மறுநாளே பலகையைப் பத்து அடுக்கும் திரும்ப ஒட்டினார். அழைப்பு அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார். கெட்டி அட்டையை வீணாக்கக் கூடாதே.

மறுபடியும் காத்திருப்பு. மறுபடியும் குளியலறையில் போன். லாரி டயர்க்காரர் இப்போது சௌக்கியம் விசாரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். முப்பத்தொன்று முப்பத்து நாலானது. இரண்டு பேருக்கு அளவு திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வாரம் மணி அடித்தபோது, "டயர் இல்லைங்க," என்று எடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் சிரித்தது. "அன்னைக்கு வந்தது நான்தாங்க. நீங்க எழுதினதை எங்க அறங்காவலர்கள் படிச்சுட்டாங்க. நேர்ல பேசக் கூப்பிடறாங்க. வரும்போது அந்த அழைப்பு அட்டையைக் கையோட கொண்டுவரணும். விதி அப்படி."

சக்கரம் அறையில் இரண்டாவது சுற்றில் இருந்தார். நின்றார்.

"அது வராதும்மா. ஒரு பிள்ளை காலை வச்சு உட்கார்ந்திருக்கா. இன்னொரு தடவை வெட்ட மாட்டேன். பார்க்கணும்னா நீங்கதான் வரணும். மூணாவது மாடி. உங்க பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க."

 எதிரே தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரிடம் என்ன பேசுகிறார் இவர்!

"என்னைக்கு வரலாம்?" என்றது குரல்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்," என்றார் சக்கரம், செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே. "அவ கூப்பிட்டாத்தான் வர முடியும்."